ஒன்றும் முளைக்காத தட்டுகள்

1974 பிப்ரவரி 11, திங்கள்

விடிந்ததிலிருந்து கணவாய்க் காற்று. லேப் ஜன்னலை அட்டை வைத்து அடைத்தும் மேஜை முழுக்கப் புழுதி. துடைத்தேன். மறுபடி துடைத்தேன். இனித் துடைப்பதாக இல்லை.

இன்றைய வேலை:
சர்க்கரை பார்க்கும் நீலக் கரைசல், புதிதாக.
குக்கர் காஸ்கட். யாராவது பொள்ளாச்சி போனால் சொல்லிவிட வேண்டும்.
அம்மாவுக்குக் கடிதம்.
ரத்தத் தட்டு தீர்ந்துவிட்டது. செல்லாயி.

பழனியம்மாவை நேற்று சேர்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரித் தோட்டத்தையும் ஆட்டையும் பார்த்துக்கொள்கிற மாரப்பனின் மனைவி. பின்கழுத்தில் கட்டி, உள்ளங்கை அகலம், சல்லடை மாதிரி பல வாய் வைத்து. ராஜபிளவை. சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுக் காய்ச்சினேன்; செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை கொஞ்சமானால் பச்சை, கூடினால் மஞ்சள், கடைசியில் செங்கல்; அதற்கு மேல் நிறம் இல்லை.

சர்க்கரை வியாதி இருப்பது அவளுக்குத் தெரியும். மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பொங்கலோடு விட்டுவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "நல்லாத்தானுங்க இருந்தேன் அம்மிணி" என்றாள். நன்றாக இருந்தவர்கள்தான் எல்லோரும் இங்கே வந்து படுக்கிறார்கள். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். குப்புறப் படுத்தபடியே சிரித்தாள்.

எனக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த மனுஷி அவள். நான் வந்த புதிதில் தினமும் கீரையோ பாவக்காயோ லேப் படியில் வைத்துவிட்டுப் போவாள், ஆள் தெரியாது. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். "நீங்க அய்யருவூட்டுப் புள்ள. நாங்க ஆக்குனதைச் சாப்புடுவீங்களோ என்னமோன்னு பச்சையா வெச்சனுங்க." அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய் ராகிக் களி சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அதிலிருந்து வாரம் ஒரு தடவை களி.

மதியம் எங்கள் ஆடு செல்லாயியிடம் ரத்தம் எடுத்தேன். மாரப்பன் எப்போதும் போல அதன் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "பொறுத்துக்க சாமி, அம்மிணி பையத்தான் குத்துவாங்க" என்று பேசிக்கொண்டிருந்தார். ஆரம்பிக்கும் முன்னால் மட்டும், "நாளான்னிக்கு எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டார். பழனியம்மாவுக்கே நாளைக்குத் தட்டு வேண்டும், எப்படித் தள்ளிப்போடுவது என்றேன். ஆட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சவரம் செய்யாத முகம். ஆடு அவர் முழங்காலில் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றது. அதற்கும் கவலை போல.

ரத்தம் உறையாமல் இருக்கக் கண்ணாடி மணி போட்ட குடுவையில் ஆட்டிக்கொண்டே வந்தேன். வார்டு வாசலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். பதினாறு தட்டு ஊற்றினேன்.

இரவு அம்மாவுக்குக் கடிதம். போன கடிதத்தில், "ஆஸ்பத்திரியில் ஆடு எதற்கு என்று அடுத்தாத்து மாமி கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். எழுதினேன்: சூடான அகர் கூழில் (கடற்பாசியில் காய்ச்சுவது) ஆட்டு ரத்தம் கலந்து தட்டில் ஊற்றி ஆறவைப்போம். அதில் சீழைத் தடவி வைத்தால் மறுநாள் கிருமி முளைக்கும். முளைத்ததன் மேல் மருந்து வில்லைகளை வைத்தால், எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகாது என்று தெரியும். பெரிய ஊரில் ரத்தம் பாட்டிலில் வருகிறது, எங்களுக்குக் கொட்டகையில் நின்று புல் தின்கிறது. மாமியிடம் அகர் வரைக்கும் சொன்னால் போதும்.

பிப்ரவரி 12, செவ்வாய்

டாக்டர் கட்டியைக் கீறினார். அவள் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்த கை மட்டும் வெளுத்துப் போயிற்று. நான் பக்கத்தில் நின்று சீழை வாங்கிக்கொண்டேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கருநீல உருண்டைகள், கொத்துக் கொத்தாக, நாவல்பழக் குலை போல. எதிர்பார்த்ததுதான். தட்டில் தடவி இன்குபேட்டரில் வைத்தேன். டா. (டாக்டர் என்று முழுசாக எழுதக் கை வலிக்கிறது) நேற்றே பென்சிலின் ஆரம்பித்துவிட்டார். இன்சுலினும்.

பழனியம்மா கேட்டது: "செல்லாயி தின்னாளாங் அம்மிணி?" நீ தின்றாயா என்று கேட்டேன். இல்லை.

கரண்டு நாலரைக்குப் போய் ஆறுக்கு வந்தது. இன்குபேட்டரைக் கம்பளியால் போர்த்தி வைத்தேன். என்னுடைய கம்பளி. ராத்திரி எனக்குக் குளிர்ந்தால் அதற்கு என்ன.

பிப்ரவரி 13, புதன்

தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

சீழைச் சரியாகத் தடவவில்லையோ? கம்பி வளையம் ஆறுவதற்குள் தொட்டுவிட்டேனோ? நான் அப்படிச் செய்கிறவள் இல்லை. ஆனால் நேற்று அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது உண்மை.

டா. உள்ளே எட்டிப் பார்த்து, "எந்தா விசாலம், ஒண்ணும் வந்நில்லையா?" என்றார். இன்னொரு நாள் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

காய்ச்சல் 102. சிறுநீர் செங்கல்.

ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. நாளை வா என்கிறான்.

பிப்ரவரி 14, வியாழன்

இன்றும் தட்டு சுத்தம். புது சீழ் எடுத்துப் புதுத் தட்டில் போட்டேன், இந்தத் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மாரப்பன் வார்டு வாசலில் உட்கார்ந்தே இருக்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடப் போகவில்லை, செம்பருத்தி வாடிக் கிடக்கிறது. ஆட்டுக்கொட்டகைக்கு மட்டும் நாலு தடவை போய் வந்தார். உள்ளே வந்தால் இரண்டு பேரும் பேசிக்கொள்வது இப்படி:

"தின்னாளா?"

"தின்னா."

"தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சா. நீ கண்ண மூடு."

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். குழந்தை இல்லை. பேசுவதற்கு ஒரு ஆடு. என் அப்பாவும் அம்மாவும் கல்பாத்தியில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 15, வெள்ளி

இரண்டாவது தட்டும் சுத்தம்.

மைக்ராஸ்கோப்பில் மந்தை மந்தையாக நிற்கிறது. தட்டில் ஒன்றுகூட இல்லை. டா.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "பென்சிலின் கொன்னிருக்கும். நீ பாக்கறது பிணம். பிணம் முளைக்குமோ?" என்றார். அப்படியும் நடப்பது உண்டு. அவர் சொன்னதில் தப்பு இல்லை. அப்படியானால் பென்சிலினையே கூட்டி, சர்க்கரையைப் பிடித்துக் கட்டினால் ஆறிவிடும் என்கிறார்.

ஆனால் ஆறவில்லையே. சிவப்பு இன்று தோள் வரைக்கும் வந்திருக்கிறது. நேற்றுக் காது மடலுக்குக் கீழே இருந்தது. செத்த கிருமி நடக்குமா?

இதை டா.விடம் சொல்லவில்லை. அவருக்கும் கண் இருக்கிறது. போகும்போது ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். கவலை வந்தால் அவருக்கு ஏலக்காய்.

நர்ஸ் ரோஸிக்குத் தொண்டை வலி. "எனக்கும் ஒரு தட்டு வெய்யி மோளே" என்று வாயை ஆவென்று திறந்தாள். பஞ்சுக்குச்சியால் எடுத்து வைத்தேன். தட்டு வீண்தான். ஆனால் போன மாசம் அவள் எனக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 16, சனி

பழனியம்மாவுக்கு மோசம். காய்ச்சல் 104. காலையில் என்னை அடையாளம் தெரியவில்லை. "செல்லாயி, வா, வா, ஊட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், கை கட்டிலுக்கு வெளியே தடவியது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்ததும் அடங்கிவிட்டாள்.

டா. திங்கட்கிழமை காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்கிறார். இந்த நிலையில் கார் குலுக்கல் தாங்குவாளா என்றும் அவரே கேட்கிறார். மாரப்பன் தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறார்.

ரோஸியின் தட்டைப் பார்க்க மறந்தே போனேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

லீவு. கல்பாத்தி போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் அம்மா, "ரத்தமும் சீழும் வாரறதுக்கா பி.எஸ்ஸி. படிச்சாய்? முதல்ல குளிச்சுட்டு உள்ள வா, கேட்டியா" என்பாள். பிறகு தோசை வார்ப்பாள். தோசைக்காகப் போயிருக்கலாம்.

காலை எட்டு மணிக்கு லேப் திறந்து ரோஸியின் தட்டை எடுத்தேன்.

சுத்தம்.

உட்கார்ந்துவிட்டேன். தொண்டை வலியோ இல்லையோ, மனுஷத் தொண்டையில் ஒன்றுமே முளைக்காமல் இருக்காது. காயத்ரி ஜபம் பண்ணுகிற தொண்டையாக இருந்தாலும் பத்து வகை முளைக்கும். இன்னொரு புது ரத்தத் தட்டை எடுத்து என் கட்டைவிரலை அழுத்தினேன், கழுவாத விரல், காலையில் தேங்காய் துருவிய விரல். அப்புறம் ரத்தம் கலக்காமல் வெறும் அகர் மட்டும் காய்ச்சி ஊற்றினேன். அதில் ஒரு ஓரத்தில் விரல். இன்னொரு தட்டில் பழனியம்மாவின் சீழ். அந்தச் சீழை எடுக்கும்போது அவள் முனகவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

நாள் முழுக்க அங்கேயே. கம்பளி, இன்குபேட்டர், கரண்டு. கரண்டு இன்று போகவில்லை. போயிருந்தால் இன்றைக்கு அந்தக் கரண்டுக்காரனைத் தேடிப் போயிருப்பேன்.

பிப்ரவரி 18, திங்கள்

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

காலை. ரத்தத் தட்டில் என் விரல்: ஒன்றும் இல்லை. வெறும் தட்டில் என் விரல்: ரேகை தெரிகிற மாதிரி முளைத்திருக்கிறது. வெறும் தட்டில் பழனியம்மாவின் சீழ்: பொன் நிறத்தில், உருண்டை உருண்டையாக, தட்டு நிறைய. மூன்று நாளாகப் பிணம் என்று நினைத்ததெல்லாம் உயிரோடு உட்கார்ந்திருந்தது. அகரில் குற்றம் இல்லை. குற்றம் ரத்தத்தில்.

கொட்டகைக்குப் போனேன். கோபத்தோடுதான் போனேன். செல்லாயி எழுந்திருக்கும்போது பார்த்தேன்: பின்னங்கால் குளம்பில் துணிக்கட்டு. பழனியம்மாவின் பழைய சுங்கடிப் புடவைக் கிழிசல். மாரப்பன் என்னைப் பார்த்ததும் ஆட்டுக்கு முன்னால் வந்து நின்றார், அதை மறைக்கிற மாதிரி.

"கொளம்புல புண்ணுங்க அம்மிணி. புழு வெச்சுப் போச்சுங்க. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரு வந்து ஊசி போட்டாருங்க."

"என்னிக்கு?"

"போன ஞாயித்துக்கெழமையும் திங்கக்கெழமையுமுங்க. நீங்க ரத்தம் எடுத்தீங்களே, அன்னிக்குக் காலைல."

"ஏன் எங்கிட்ட சொல்லலை நீங்க?"

ஆட்டின் காதைத் தடவினார். "சொன்னா கறிக்கடைக்குப் போயிருமுங்க. இதுக்கு முந்தின ஆடு கால் நொண்டுச்சுன்னுதானுங்களே வித்துப்போட்டாங்க. அன்னிக்கு இவ சோறு திங்கலீங்க, பேசலீங்க. இப்பக் கட்டில்ல கெடக்கறா. செல்லாயியும் போச்சுன்னு அவகிட்ட எந்த வாயில சொல்றதுங்க?"

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என்ன ஊசி என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. ஆனால் காலிக் குப்பி இருந்தது. புண்ணுக்குப் போட வேப்பெண்ணெய் ஊற்றி கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்தார். எண்ணெய்ப் பிசுக்கைத் தாவணி நுனியால் துடைத்துப் படித்தேன் (தாவணி என்ன, இந்த வயசில் புடவைதான், கை இன்னும் நிதானத்தில் இல்லை). டெட்ராசைக்ளின் வகை.

அங்கேயே நின்று யோசித்தேன். ஊசி ஆட்டின் ரத்தத்தில் கலந்தது. அந்த ரத்தம் என் தட்டில் கலந்தது. தட்டில் இருந்தது துளியிலும் துளி. அந்தத் துளிக்கே இந்தக் கிருமி தலையெடுக்கவில்லை. பென்சிலின் ஒரு வாரமாகக் குடம் குடமாகப் போகிறது, அதற்கு அசையவில்லை.

ஓடினேன். எதிர்க்காற்று. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைத் தோட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கார் வாசலில் நின்றது. டா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பும் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். குப்பியையும் தட்டுகளையும் அவர் முன்னால் வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடினார். "வில்லை வெச்சு நாளைக்கு உறப்பாக்கு, உறுதி பண்ணு. மருந்து இப்பவே ஆரம்பிக்கலாம்" என்றார். பிறகு ரொம்ப நேரம் கை கழுவினார். திரும்பாமலேயே, "பிணம்னு சொன்னது நான்தானே விசாலம்" என்றார். தட்டு என்னுடையது என்றேன். இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டோம்.

காரைத் திருப்பி அனுப்பியாயிற்று. முதல் ஊசி பதினோரு மணிக்கு. ஆட்டுக்குப் போட்ட மருந்து, மனுஷருக்கு ஆன குப்பியில்.

சுவாமி அறையில் விளக்கேற்றினேன். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

பிப்ரவரி 19, செவ்வாய்

வில்லை வைத்த தட்டு: பென்சிலினைச் சுற்றிக் கிருமி ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, வில்லையின் மேலேயே ஏறிவிடும் போல. டெட்ராசைக்ளினைச் சுற்றி அகலமாகத் தெளிந்த வட்டம். டா. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "செல்லாயிக்கு சம்பளம் கொடுக்கணும்" என்றார். அவர் சிரித்து ஒரு வாரம் ஆகிறது.

கறிக்கடைக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லச் சொன்னார். கொட்டகையில் போய்ச் சொன்னேன். மாரப்பன் கும்பிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, கையைப் பிடித்து இறக்கினேன்.

காய்ச்சல் 103. சிவப்பு அங்கேயே நிற்கிறது. நிற்பதே பெரிது.

பிப்ரவரி 20, புதன்

101. சிவப்பு ஒரு விரல் அளவு உள்ளே வாங்கியிருக்கிறது. நீலக் கரைசல் மஞ்சள்.

மதியம் கண் திறந்து என்னைப் பார்த்து, "ஏனுங் அம்மிணி இளைச்சுட்டீங்க?" என்றாள். வெளியே போய் அழுதேன். ரோஸி கேட்டால் புழுதி என்று சொல்ல வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய் கிடைத்தது.

பிப்ரவரி 22, வெள்ளி

காய்ச்சல் இல்லை. கழுத்துப் புண்ணில் உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுச் சதை. கரைசல் பச்சை. கஞ்சி குடித்தாள், உப்பு போதவில்லை என்று ரோஸியிடம் சண்டை போட்டாள். சண்டை போட்டதைக் கேட்டு வார்டே சந்தோஷப்பட்டது.

ஒன்று மட்டும் நெருடல். மாரப்பனுக்கு முழுசும் தெரியாது. ஆட்டுக்கு ஊசி போட்டதை மறைத்ததில்தான் தட்டு கெட்டது, அதனால்தான் ஒரு வாரம் தப்பான மருந்து போயிற்று என்பதை நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. சொல்லாமல் விட்டால் அடுத்த தடவையும் மறைப்பார். எனக்கே இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, அதுதான் தொந்தரவு.

பிப்ரவரி 24, ஞாயிறு

மாரப்பன் முந்திக்கொண்டார்.

காலையில் லேப் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார், இன்றும் வரவில்லை. ரோஸி யாரிடமோ ஆட்டு ரத்தம், தட்டு என்று கதை சொல்லியிருக்கிறாள், அது இவர் காதில் விழுந்திருக்கிறது.

"அம்மிணி, மறைக்காமச் சொல்லோணுங்க. நான் போட்ட ஊசியாலதானுங்களா அவளுக்கு அத்தனை நாளு நோவு மாறலை?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன். உடனே, அதே ஊசியால்தான் மருந்தும் தெரிந்தது என்றேன். இரண்டாவது அவர் காதில் ஏறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சரிங்க" என்று போய்விட்டார்.

சாயங்காலம் பழனியம்மாவைப் பார்க்க வரவில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

நேற்றும் வரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், வார்டு ஜன்னலைப் பார்த்தபடி. சாப்பிடவும் இல்லை என்று தோட்டத்து ஆட்கள் சொல்கிறார்கள். செம்பருத்திக்கு நானே இரண்டு குடம் ஊற்றினேன்.

மூன்று தடவை கூப்பிட்டேன். "வர்றனுங்க" என்பார். எழுந்திருக்க மாட்டார். பிடிவாதத்தில் ஆட்டை மிஞ்சினவர்.

பிப்ரவரி 27, புதன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பழனியம்மாவை நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டா. மாத்திரையை விட்டால் நானே வந்து வாயில் திணிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, சிறுநீர் கொண்டுவருவது எல்லாம் மனப்பாடமாகச் சொன்னாள்.

சொல்லி முடித்துவிட்டு, "அவரு ஏனுங் உள்ள வரமாட்டீங்கறாரு? ஏதோ இருக்குது. நீங்க சொல்லுங்க" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். குளம்புப் புண், கறிக்கடை, குப்பி, தட்டு. ஒரு கேள்வி மட்டும் கேட்டாள், தெளிவாக.

"செல்லாயிக்கு அந்த ஊசி போடாம இருந்திருந்தா, எனக்கு மருந்து எப்பத் தெரிஞ்சிருக்குமுங்க?"

"ரெண்டாம் நாள், மூணாம் நாளே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப இத்தனை பாடு பட்டிருக்க மாட்டேன்."

"பட்டிருக்க மாட்டாய்."

தலையை ஆட்டினாள். கழுத்துக் கட்டு இழுத்ததில் முகம் சுருங்கியது. ஜன்னல் பக்கம் நகர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேப்பமரம் வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க! இங்க வாங்க."

அந்தக் குரலுக்கு எழுந்து வந்தார். கதவோரம் நின்றார். தரையைப் பார்த்தார்.

"செல்லாயிக்கு மட்டும் நீங்க ஊசி போடாம இருந்திருந்தா, இந்நேரம் என்னைய எரிச்சிருப்பீங்க. எந்த மருந்துன்னே இவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதாமா. கொழந்தைக்குக் குடுக்கறதுக்கு முன்னால நாம வாயில வெச்சுப் பாக்கறமல்லங்க, அந்தாட்டம் அவ எனக்கு மருந்து ருசி பாத்துச் சொல்லியிருக்கறா. அம்மிணி இப்பத்தானுங்க சொன்னாங்க. கேட்டுப் பாருங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"ஆமாம்" என்றேன்.

கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அவள் மதியக் கஞ்சியில் மீதி இருந்ததை அவர் பக்கம் தள்ளினாள். குடித்தார். உப்பு பத்தலை என்றார்.